ஆணி இறங்கிய இடம்

மூன்றாவது செல்லிலேயே அது கண்ணில் பட்டது.

சாயம் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மைக்ரோஸ்கோப்பின் திருகை அரைச் சுற்றுத் திருப்பினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஊதா நிறக் குச்சிகள் எப்போதும்போல வட்டத்துக்குள் சிதறிக் கிடந்தன. குரோமோசோம் ஒவ்வொன்றும் ஒரே ஓர் இடத்தில்தான் ஒடுங்கியிருக்கும், அதுதான் அதன் இடுப்பு. இடது ஓரத்தில் கிடந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு இடுப்பு. பக்கத்திலேயே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு கிடந்தது.

லேபில் இதற்கு இரட்டை இடுப்பு என்று பெயர். இரண்டு குரோமோசோம் உடைந்து, உடைந்த முனைகள் ஒன்றோடொன்று தப்பாக ஒட்டிக்கொண்டால் வருவது. ஆயிரம் செல்லில் ஒன்று கிடைத்தாலே அதிகம். நூறு செல்லில் ஐந்து, பத்து என்று வர ஆரம்பித்தால், அந்த ஆள் எங்கேயோ நிற்கக்கூடாத இடத்தில் நின்று கதிர்வீச்சை வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். ‘நார்மல்’ என்று எழுதியிருந்தது.

நார்மல் என்றால் அவளேதான். நோயாளிகளின் ரத்தத்தை வளர்க்கும்போது கூடவே நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் அதே மருந்தில், அதே சூட்டில் மூன்று நாள் வளர்க்க வேண்டும். அது ஒழுங்காக வளர்ந்தால் மருந்து சரி, இயந்திரம் சரி. வாராவாரம் நல்ல உடம்புக்காரருக்கு எங்கே போவது? திங்கட்கிழமை காலையில் வந்ததும் இடது கையை நீட்டி, பல்லால் ரப்பர் குழாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, தானே ஊசி குத்தித் தன் ரத்தத்தையே எடுத்துவிடுவாள். அவளுக்கு முன்னால் இங்கே இருந்த பெரியக்காவும் அப்படித்தான் செய்தாள். டாக்டரம்மா கேலி செய்வார்: “ஊர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் அளவுகோல் நீதாம்மா. உடம்பைப் பத்திரமா பாத்துக்கோ.”

அளவுகோலை யாரும் அளப்பதில்லை. நார்மல் ஸ்லைடை ஒரு பார்வை பார்ப்பார்கள். வளர்ந்திருக்கிறதா, சாயம் ஏறியிருக்கிறதா, அவ்வளவுதான். அப்புறம் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அவளும் அதை ஒரு நாளும் உட்கார்ந்து எண்ணியதில்லை.

இன்று எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். ஆனால் அந்த அறைக்கு மணியெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது. பகலும் ராத்திரியும் ஒரே டியூப் லைட்தான். புளித்த வாடையும் ஸ்பிரிட் நெடியும் கலந்து சுவரிலேயே ஊறிப்போயிருந்தன. மூலையில் இன்குபேட்டர் தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டே இருக்கும். வீட்டில்கூட அந்த முனகல் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அறை நீளத்துக்கு நீளம், அகலம் கைகளை விரித்தால் கொஞ்சம் மிச்சம். ஒரு கோடியில் அவளுடைய உயர ஸ்டூல், முதுகுப் பக்கம் சுவர். எதிரே மேஜை. மேஜையைத் தாண்டி நேரே கதவு.

வலது கை திருகில் இருந்தது. இடது கை, இப்போதெல்லாம் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிற இடத்தில், வயிற்றின்மேல் இருந்தது. ஐந்து மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, இரண்டு முறை கலைந்த பிறகு நின்ற பிள்ளை. இரண்டு கலைந்ததும் தன் உடம்பின் குற்றம்தான் என்று நினைத்துக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள், இந்த முறை மூன்றாம் மாதம் முடிகிறவரை மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்ன நாளிலிருந்து மாமியார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அசைஞ்சுச்சா?”

“இன்னும் இல்ல அத்தை.”

“எனக்கெல்லாம் நாலரை மாசத்துலயே உதைச்சான் உன் புருஷன். அப்பவே பொறுமை கிடையாது.”

டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவர் வயிற்றில் கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். லப்டப் லப்டப் என்று ஓட்டமாக ஓடியது. துடிப்பு நன்றாக இருக்கிறது, சில பிள்ளைகள் சோம்பேறி, ஆறாம் மாதம்தான் சோம்பல் முறிக்கும் என்றார். அவள் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து கை அங்கிருந்து எழவே இல்லை.

ஐம்பது செல் முடிந்தபோது நான்கு இரட்டை இடுப்பு. நூறு முடிந்தபோது ஒன்பது. அதைத் தவிர, இரு முனையும் ஒட்டி வளையமாகிப்போன மோதிரம் ஒன்று.

டியூப் மாறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கண்டிப்பாக மாறித்தான் இருக்கும். இந்த வாரம் ஒரு தொழிற்சாலைக்காரரின் ரத்தம் வந்திருந்தது, அவருடையது இதில் சேர்ந்திருக்கும். பதிவேட்டைப் பார்த்தாள். அவருடைய ரத்தம் புதன்கிழமைதான் வந்திருந்தது. இன்னும் இன்குபேட்டருக்குள்தான் இருந்தது.

அலமாரியைத் திறந்தாள். பழைய நார்மல் ஸ்லைடுகள் வாரவாரியாக மர டப்பாக்களில் நின்றன. போன மாதத்திலிருந்து ஒன்றை உருவி எடுத்து வைத்துப் பார்த்தாள். நூற்றுக்கு ஆறு. அரை வருஷத்துக்கு முந்தையது, மூன்று. பத்து மாதத்துக்கு முந்தையது, ஒன்று. பதினாலு மாதத்துக்கு முந்தையதில் ஒன்றுமே இல்லை. நூறு செல்லும் பளிச்சென்று, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அச்சடித்த படம் மாதிரி சுத்தமாக இருந்தது.

பதினாலு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

யோசிக்கத் தேவையே இல்லை. பெரியக்கா செத்துப்போனாள். மேல்மாடி ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து இவள் அந்த இடத்துக்கு வந்தாள்.

பெரியக்கா இந்த அறையில் பத்தொன்பது வருஷம் இருந்தவள். ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்த ஆறாவது வாரம் போய்விட்டாள். கெமிக்கலோடு புழங்கினால் அப்படித்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் சில மாதம் அவள் ஒரு மாதிரியாக நடந்துகொண்டாள். மைக்ரோஸ்கோப் மேஜையைத் தன்னந்தனியாக இழுத்துக்கொண்டு போய், கை கழுவும் தொட்டி இருக்கிற மூலையில் போட்டுக்கொண்டாள். அந்த மூலையில் லிஃப்ட் போகும்போதெல்லாம் மைக்ரோஸ்கோப் நடுங்கும், ஒரு செல்லைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாது. இங்கே இருக்கிற மூன்று முழத் தடிச் சுவரோரம் மட்டும்தான் நடுக்கமே இருக்காது. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு அங்கே போய் ஒண்டிக்கொண்டிருக்கிறாளே, பெரியக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இவள்தான் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். காரியமெல்லாம் முடிந்த மறுவாரம், மேஜையின் ஒரு பக்கத்தை இவளும் மறுபக்கத்தை இவள் கொழுந்தனும் பிடித்து, மறுபடி சுவரோரம் கொண்டுவந்து போட்டார்கள். தன் கையால்தான் போட்டாள்.

பெரியக்காவின் டப்பாக்கள் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. குனிந்து எடுத்தாள். வயிறு தொடையில் அழுந்தியது. கடைசி வருஷத்து டப்பாவைத் திறந்தாள்.

ஸ்லைடுகளில் கறுப்பு மைப் புள்ளிகள் இருந்தன. உடைந்த செல் இருக்கிற இடத்தில், பிறகு தேடிப் பிடிக்க வசதியாக, பேனாவால் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். முதல் ஸ்லைடில் ஏழெட்டுப் புள்ளி. அடுத்ததில் பதினைந்து இருக்கும். டப்பாவின் கடைசியில் இருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அம்மை போட்ட குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது.

பெரியக்கா தன் ரத்தத்தை எண்ணியிருக்கிறாள். வாராவாரம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். எண்ணி, பயந்துபோய், இடத்தை மாற்றியிருக்கிறாள்.

“சொல்லியிருக்கலாமே அக்கா!” என்று வாய்விட்டே கேட்டாள். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. “வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

டாக்டரம்மாவிடம் போய்விட வேண்டும். இரண்டு ஸ்லைடையும் கையில் எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நாலடி வைத்தாள்.

கரண்ட் போனது.

அணைந்த மாதிரிகூட இல்லை. கண்ணையே யாரோ பிடுங்கி எடுத்துக்கொண்டது போல இருட்டு. இன்குபேட்டரின் முனகல் ஒரு பெருமூச்சோடு நின்றது. இத்தனை மாதத்தில் அந்தச் சத்தம் நின்று அவள் கேட்டதே இல்லை. அது நின்ற பிறகுதான் அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. அவளுடைய மூச்சு எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி அவள் காதுக்கே வந்தது.

தடவிக்கொண்டே போய்க் கதவின் கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. போன வருஷம் லென்ஸ் ஒன்று காணாமல் போனபோது மாட்டிய பூட்டு. கார்டைக் காட்டினால்தான் திறக்கும், கரண்ட் இருந்தால்தான் கார்டைப் பார்க்கும். ஸ்லைடுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கழுத்தில் தொங்கிய கார்டை எதற்கும் நாலு முறை தேய்த்துப் பார்த்தாள். கதவைத் தட்டினாள். இரும்புக் கதவு. சத்தம் உள்ளேயே சுற்றியது.

போனில் சிக்னல் இல்லை. கீழ்த்தளத்தில் என்றைக்கு இருந்தது? அதன் விளக்கைப் போட்டுக்கொண்டு இன்டர்காமை எடுத்தாள். நல்லவேளை, அதற்கு உயிர் இருந்தது. எக்ஸ்ரே அறை எண்ணை அழுத்தினாள்.

கொழுந்தன்தான் எடுத்தான். அவனுக்கு எக்ஸ்ரேயில்தான் வேலை. வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான்.

“அண்ணி! உள்ள மாட்டிக்கிட்டீங்களா?” குரலில் சிரிப்பு. “ஒழுங்கா வேலை பாக்கட்டும்னு கடவுளே பூட்டிட்டாரு பாருங்க.”

“விளையாடாத தம்பி. கதவைத் திறக்கச் சொல்லு. உடனே.”

“ஜெனரேட்டர் மக்கர் பண்ணுது. வாட்ச்மேன் கீழ்க்கதவு சாவியைத் தேடிக்கிட்டு இருக்காரு. பத்தே நிமிஷம். ஸ்டூல்ல சுவர்ல சாஞ்சு உக்காருங்க, நின்னா கால் வீங்கும்.” சட்டென்று ஞாபகம் வந்தவன் போலச் சேர்த்துக்கொண்டான்: “என் கோட்டை இன்னிக்குப் போடாமலே வந்துட்டேன், அங்கதான் தொங்குது. குளிருதுன்னு எடுத்துப் போத்திக்காதீங்க, பாக்கெட்ல பேட்ஜ் இருக்கு, கைபட்டுக் கெட்டுடப் போகுது. இந்த மூணு மாசமும் எகிறுச்சுன்னா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க.”

“என்ன எகிறுச்சு?”

“உங்ககிட்ட சொல்லலையா? எக்ஸ்ரேக்காரன் எவ்வளவு கதிர் வாங்கறான்னு அந்த பேட்ஜ்தான் கணக்கு வைக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பிப் பாப்பாங்க. போன தடவை என்னுது தாறுமாறா வந்துடுச்சு. இவ்வளவு உடம்புல பட்டிருந்தா ஆளே படுத்திருப்பான், நீ பேட்ஜை மெஷின் முன்னாடியே கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டேன்னு எல்லார் முன்னாடியும் வெச்சு வாங்கினாங்க. நான் எங்க போட்டேன்? கோட்டோட சேத்து உங்க ரூம்லதான மாட்டிட்டுப் போறேன் தினமும்!”

போன் வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

கோட்டு தொங்கியது. எக்ஸ்ரே அறையில் மாட்டினால் எவனாவது எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறான் என்று, ஆறு மாதத்துக்கு முன்னால் ஓர் ஆணியும் சுத்தியலுமாக வந்தான். சுவர் முழுக்க அடித்துப் பார்த்தான். ஆணி வளைந்ததே தவிர எங்கும் இறங்கவில்லை. கடைசியில் ஸ்டூலுக்கு நேர் பின்னால், அவள் உட்கார்ந்தால் இடுப்பு வருகிற உயரத்தில், ஓர் இடத்தில் மட்டும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கோட்டு தரையில் புரண்டது. யாராவது குள்ளனுக்கா ஆணி அடித்தாய் என்று அவள் கேலி செய்தாள். இரண்டாக மடித்து மாட்டிக்கொள்கிறேன் அண்ணி என்றான்.

கோட்டை ஒதுக்கினாள்.

சுவரெல்லாம் சிமெண்டின் கறுஞ்சாம்பல். ஆணியைச் சுற்றி மட்டும், ஒரு தட்டு அகலத்துக்கு வட்டமாக, நிறம் வேறாக இருந்தது. வெளுப்பு. விரலால் தட்டினாள். மற்ற இடத்தில் சத்தமே வராத சுவர், அங்கே மட்டும் பொத் பொத்தென்றது. எப்போதோ ஒரு குழாய் போன ஓட்டை. குழாயை எடுத்துவிட்டு வெறும் சுண்ணாம்புப் பூச்சால் அடைத்திருந்தார்கள்.

“தம்பி.”

“சொல்லுங்க அண்ணி.”

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“அந்தப் பக்கமா? பழைய புற்றுநோய் வார்டுல கதிர் குடுப்பாங்களே, அந்த ரூம். நான் சேரும்போதே பூட்டிச் சுவர் வெச்சிட்டாங்க. மெஷினைக் கூட எடுக்கலைன்னு சொல்வாங்க, கரண்ட் இல்லாமலே கதிர் விடற மெஷினாம். அதனாலதான சுவரே அவ்வளவு தடி, கதிர் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு...”

அவன் நிறுத்தினான். இன்டர்காமில் இரைச்சல் மட்டும் கேட்டது.

“அண்ணி,” என்றான். குரலில் சிரிப்பைக் காணோம். “அந்த ஆணி... சுலபமா இறங்குச்சு, இல்ல?”

“ஆமா.”

“ஸ்டூல்ல உக்காராதீங்க. அதுக்கு நேரா நிக்காதீங்க. ஓரமா போங்க அண்ணி, ஓரமா போங்க, நான் வரேன்.”

போன் வைக்கப்பட்டது.

ஓரம் எங்கே இருக்கிறது? ஆணிக்கு நேரே ஸ்டூல். ஸ்டூலுக்கு நேரே மேஜை. மேஜைக்கு நேரே கதவு. இந்த அறையில் கதவருகே போய் நிற்பதும் அந்த ஓட்டையின் எதிரே போய் நிற்பதும் ஒன்றுதான். மிச்சம் இருந்தது தொட்டி மூலை. பெரியக்கா மேஜையைப் போட்டுக்கொண்ட அதே மூலை.

அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால்களை மடக்கி வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். சார்ஜ் தீர்ந்து போன் விளக்கு அணைந்தது.

இருட்டில் அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. சத்தம் இல்லை. வாடை இல்லை. சூடு இல்லை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் பயத்துக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். ஆறு மாதமாக அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஆணி இறங்குவதற்கு முன்னாலும் எட்டு மாதம். மசக்கையில் நிற்க முடியாமல் போனபோது அதன்மேலேயே சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். குளிர்ச்சியாக இருக்கிறது என்று ரவிக்கை முதுகை அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பது. நூற்றுக்கு ஒன்பது. அது அவளுடைய ரத்தம். அவள் நாற்பது வயதைப் பார்க்கப் போகிறவள், எப்படியோ போகட்டும். ஆனால் உள்ளே இருப்பதற்கு இப்போதுதான் எல்லாம் உண்டாகிறது. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக. உடைவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. இது அவளுக்குத் தெரியும். இந்த அறைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போய் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் தாய்களுக்கு டாக்டரம்மா இதைத்தான் மெல்லிய குரலில் சொல்வார். அந்த முகங்களை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று போயிருக்கிறாள்.

“கண்ணு,” என்று கூப்பிட்டாள். “ஒரே ஒரு தடவை அசைஞ்சு காட்டு. அம்மா இங்கதான் இருக்கேன். ஒரே ஒரு தடவை.”

கையை அழுத்திக் காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அதையும் எண்ணத் தொடங்கியிருந்தாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. லிஃப்ட் ஓடாததால் சுவர் நடுங்கவில்லை. நாற்பது. பெரியக்கா இங்கே உட்கார்ந்து இதையேதான் கேட்டிருப்பாள். ஐம்பத்தேழு. அவள் இந்த மூலைக்கு மாறி வந்தபோதே காலம் கடந்துவிட்டிருந்தது. எண்பது. எனக்கும் கடந்துவிட்டதா? எண்பத்தொன்று. இல்லை. இல்லை. இல்லை.

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம். வாட்ச்மேனும், அவன் தோளுக்குப் பின்னால் கொழுந்தனும்.

“வாங்க அண்ணி, சீக்கிரம்!”

எழுந்தாள். மூன்றடிதான். ஆனால் அந்த மூன்றடியும் ஓட்டைக்கு நேரே. ஸ்லைடு டப்பா ஒன்றை எடுத்து முதுகுப் பக்கமாக இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மரமும் கண்ணாடியும் எதைத் தடுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் பிடித்துக்கொண்டாள்.

வராந்தாவில் வந்து விழுந்தவளைக் கொழுந்தன் தாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்தான். மேலே ஜெனரேட்டர் உறுமிப் பிடித்தது. விளக்குகள் வந்தன. டாக்டரம்மா கூட்டத்தில் இருக்கிறார், முடிய ஒரு மணி நேரமாகும் என்றான். பிறகு ஏதோ தோன்றியவன்போல, அவள் வேண்டாம் என்று கத்துவதற்குள் அறைக்குள் ஓடி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவனுடைய பழைய எக்ஸ்ரே ஃபிலிம் டப்பா. எக்ஸ்ரேயெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு, மெஷின் மக்கர் பண்ணினால் உதவும் என்று மிச்சமிருந்த ஒரு டப்பாவை அவன்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் இங்கே கொண்டுவந்தான். இருட்டும் குளிர்ச்சியும் உள்ள இடம் என்று மேஜைக்கு அடியில், அவள் வயிற்றுக்கு எதிரே, பலகையோடு பலகையாக நிமிர்த்தி வைத்திருந்தான்.

“பேட்ஜ் தப்பாக் காட்டலாம் அண்ணி. ஒருவேளை ஸ்லைடுகூட. இதுல ஒண்ணை எடுத்துக் கழுவிப் பாத்துடலாம். எதுவும் படலைன்னா வெளுப்பா, கண்ணாடி மாதிரி வரும். அப்ப நாம ரெண்டு பேரும் சும்மா பயந்தோம்னு அர்த்தம். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கலாம்.”

“கண்ணாடி மாதிரி வரும்,” என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் பழைய டார்க் ரூம் இன்னும் இருந்தது. அலமாரி அளவுக்குத்தான் இடம். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டான். சிவப்பு விளக்கைப் போட்டான்.

“நடுவுல கதவைத் திறக்கக்கூடாது. ஃபிலிம் கெட்டுடும். நாலு நிமிஷம்.”

மறுபடி ஒரு பூட்டிய அறை. ஆனால் இதில் அந்தச் சுவர் இல்லை. இது போதும். மூச்சை விட்டாள்.

அவன் டப்பாவின் கறுப்புக் காகிதத்தைப் பிரித்து ஒரு ஃபிலிமை உருவி, பாட்டிலிலிருந்து தட்டில் ஊற்றிய மருந்தில் அமிழ்த்தினான். சிவப்பு வெளிச்சத்தில் அது பால் படிந்த மாதிரி மங்கலாகக் கிடந்தது. தட்டை மெல்ல ஆட்டினான். மருந்து ஓரத்தில் சளக் சளக்கென்றது.

அரை நிமிஷம். பால் நிறம் அப்படியே இருந்தது.

“ஒண்ணுமில்ல,” என்றான். “அண்ணி, ஒண்ணுமில்ல பாருங்க.”

கடவுளே, கடவுளே என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறோம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஓரத்தில் கறுப்பு கிளம்பியது.

முதலில் ஒரு மூலை. பிறகு நாலு பக்கமும். மை கொட்டின மாதிரி உள்நோக்கி வந்தது. வட்டமாக வந்தது. கொழுந்தனின் கை தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டது. கறுப்பு வந்துகொண்டே இருந்தது. நடுவில் வந்து நின்றது. நடுவில் இருந்ததை அது தொடவில்லை.

நடுவில் வெளுப்பாக ஓர் ஆள் இருந்தாள்.

தலை இல்லை, கால் இல்லை. விலாவின் கீழ் வரிசை, முதுகெலும்பு, இடுப்பு எலும்பின் இரண்டு சிறகு. எல்லாமே விளிம்பு கலைந்து புகையாக இருந்தன. இரண்டு மாதம் உட்கார்ந்தும் எழுந்தும் அசைந்த உடம்பு. குறுக்கே ஓர் இடது கை மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அந்தக் கை அங்கேயேதான் இருந்திருக்கிறது. மோதிர விரலில் அவளுடைய கல்யாண மோதிரம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

“நீங்கதான்,” என்றான் அவன். அழுதுகொண்டிருந்தான். “அண்ணி, அது நீங்கதான்.”

அவள் தன்னைப் பார்க்கவில்லை. அந்தக் கைக்கு அடியில் பார்த்தாள்.

அங்கே விளிம்பு கலையாமல் ஒன்று இருந்தது. படம் முழுவதும் புகை, அது மட்டும் ஊசியால் கீறின மாதிரி துல்லியம்.

“இது எப்படி...” அவன் தட்டின்மேல் குனிந்தான். “அசைஞ்சா படம் கலைஞ்சுடும் அண்ணி. ஒரு நொடி அசைஞ்சாலும் கலைஞ்சுடும். இது... ரெண்டு மாசமா இது...”

சொல்லி முடிக்கவில்லை. அவளுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. அசைஞ்சுச்சா, அசைஞ்சுச்சா என்று கேட்டார்களே.

அசையாமல்தான் இருந்திருக்கிறது.

நூல் கனத்தில் ஒரு முதுகெலும்பு, சுருண்டிருந்தது. மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு தலை. அந்தத் தலைக்கு முன்னால், ஐந்து விரலையும் விரித்து, ஒரு சின்னஞ்சிறு கை. கடும் வெயில் கண்ணில் அடித்தால் எல்லோரும் தூக்கிக்கொள்வது போல, சுவர் இருந்த பக்கமாகத் தூக்கி, முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.